எல்லா இடத்திலும் ஒரே ஹேஷ்

துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. அக்கா எப்படிப் போனார் என்றார்கள். தூக்கத்திலேயே, இதயம் நின்றுவிட்டது என்றோம். கடைசியாக என்ன பேசினார் என்றார்கள். மோட்டாரை நிறுத்தியாச்சா என்று மாடிப்படியிலிருந்து கேட்டுவிட்டுப் படுக்கப் போனார் என்றோம். "என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டபோதுதான் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். அக்காவின் கணவர் "கம்ப்யூட்டர்ல" என்றார். என் கணவர் இன்னும் கொஞ்சம் விளக்கப் பார்த்து, "செக்யூரிட்டி மாதிரி" என்றார். கேட்ட பெரியம்மா, அக்கா ஏதோ வாசலில் காவலுக்கு நின்றதாக நினைத்துக்கொண்டு, "பாவம், நின்னுக்கிட்டே இருக்கிற வேலை, கால் என்னத்துக்கு ஆகும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை. திருத்த எங்களுக்கும் தெரியவில்லை.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். கல்யாணமான புதிதில், ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் முட்டிக்கொள்வீர்கள் என்று என்னைப் பயமுறுத்தாதவர்கள் இல்லை. முட்டிக்கொள்ளவும் செய்தோம், மொட்டைமாடிக் கொடியில் யார் துணி எந்தப் பக்கம் என்பதில். அது தீர்ந்தபிறகு பெரிதாக ஒன்றும் வரவில்லை.

நான் படித்தது பொருளாதாரம், வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். அக்காவின் வேலை எனக்கு முழுதாகப் புரிந்ததில்லை. எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் இருந்தார். லேபில் இருக்கும் இயந்திரம் ஓர் அளவைச் சொல்லும். அந்த அளவை வாங்கி, சரியான ஆளின் பெயருக்கு நேரே வைத்து, ரிப்போர்ட்டாக அச்சடிப்பது அந்த மென்பொருளின் வேலை. இருபத்திரண்டு லேப்கள் அதை வாங்கியிருந்தன. எந்த மென்பொருளையும் யாரும் அடி முதல் நுனி வரை சொந்தமாக எழுதுவதில்லையாம். தேதி கணக்கிட, அச்சடிக்க, இயந்திரம் அனுப்புவதைப் படிக்க என்று யார் யாரோ எழுதி வெளியிட்ட பகுதிகளைக் கோப்பு கோப்பாக எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அவற்றை லைப்ரரி என்பார்கள். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு பெயர் உண்டு, எத்தனையாவது பதிப்பு என்று ஓர் எண்ணும் உண்டு.

அந்தக் கம்பெனியில் முதன்முதலில் மென்பொருளை எழுதியவரை அக்கா பார்த்ததே இல்லை. அக்கா சேர்வதற்கு முன்பே அவர் வேறு எங்கோ போய்விட்டார். அக்கா அவரைப் புண்ணியவான் என்றுதான் சொல்வார். புண்ணியவான் லைப்ரரிக் கோப்புகளின் நிஜப் பெயர், பதிப்பு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தன் வாய்க்கு வந்ததை வைத்திருந்தார். ஒரு கோப்பின் பெயர் "புதுசு". இன்னொன்று "பழசு வேண்டாம்". "இதுதான் கடைசி" என்று ஒன்று. "தொட்டா நான் பொறுப்பில்ல" என்று ஒன்று.

"இவரை மட்டும் ஒருநாள் நேர்ல பார்த்தேன்னா," என்பார் அக்கா.

"பார்த்தா?"

"கால்ல விழுந்துடுவேன். இவர் ஒழுங்கா பேர் வச்சிருந்தா எனக்கு ஏது வேலை?"

அந்தக் கோப்புகள் உண்மையில் என்ன என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. கண்டுபிடிக்கும் வழிக்கு ஹேஷ் என்று பெயர். ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் படித்து, கணினி ஒரு கணக்குப் போடும். விடையாக எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி வரும். அதுதான் ஹேஷ். உள்ளே ஒரு புள்ளி மாறினால் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஆனால் கோப்பின் பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் ஹேஷ் மாறாது. வெளியான லைப்ரரிகளின் ஹேஷ்கள் பொதுப் பட்டியல் ஒன்றில் இருக்கின்றன. கையில் இருக்கும் கோப்பின் ஹேஷை அதில் தேடினால், இது இன்னது, இன்ன பதிப்பு என்று சொல்லிவிடும்.

இதை அவர் எனக்கு விளக்கியது மொட்டைமாடியில், போர்வையின் ஒரு முனையை நானும் மறு முனையை அவரும் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது.

"சட்டையை மாத்தினாலும் ஆள் அதே ஆள்தானே? அதான் பேரு. ஆனா ஒரு முடி கொட்டினாக்கூட இது வேற ஆள்னு சொல்லிடும். அதான் ஹேஷ்."

"அப்போ உங்க வீட்டுக்காரர் தினம் ஒரு புது ஆளா எழுந்திரிக்கிறாரு."

"அவரு ஹேஷ் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ கொட்ட ஒண்ணும் இல்ல, அப்படியே நிக்குது," என்றார். கீழே நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

எல்லாக் கோப்பும் பட்டியலில் அகப்படுவதில்லை. சிலவற்றைப் புண்ணியவான் பிரித்து, உள்ளே எதையோ மாற்றி, மறுபடி கட்டி வைத்திருக்கிறார் என்பார் அக்கா. பிரித்துக் கட்டினாலே ஹேஷ் மாறிவிடும், பட்டியலில் இருக்காது. அப்படிப்பட்டவற்றை அக்கா "கைபட்டவை" என்று தனியாக ஒதுக்கி வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் இது எந்த லைப்ரரி என்று தெரியும். எந்தப் பதிப்பு என்பதுதான் தெரியாது.

இருபத்திரண்டு லேப்களுக்கும் நேரில் போய்ப் பார்க்க முடியாது என்பதால் ஒரு சின்ன நிரலை அவரே எழுதினார். அது தினமும் ஒவ்வொரு லேபின் கணினியிலும் இருக்கிற கோப்புகளுக்கு ஹேஷ் எடுத்து அவருக்கு அனுப்பிவிடும். ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. புண்ணியவான் பெயர்களின் நடுவே இடைவெளி விட்டிருந்தார் அல்லவா? "இதுதான் கடைசி" என்றால் நிரல் அதை "இதுதான்" ஒரு கோப்பு, "கடைசி" இன்னொரு கோப்பு என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் காணோம் என்று புலம்பும். அக்கா உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தார். அதோடு புலம்பல் நின்றது. "இப்போ வாயைத் திறக்காம வேலை செய்யுது. உன் கொழுந்தனும் அப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்," என்றார்.

"எனக்கு ஏதுக்கா கொழுந்தன்? என் வீட்டுக்காரர்தான் கடைக்குட்டி."

"ஓ, ஆமால்ல. அப்ப என் கொழுந்தன். உன் வீட்டுக்காரன்." உறவுமுறை சொல்வதில் அவருக்கு எப்போதும் குழப்பம்தான்.

போன வருடம் வேலைநாள் ஒன்றில் அந்தச் செய்தி வந்தது. இயந்திரம் அனுப்புவதைப் படிக்கும் லைப்ரரியின் ஒரு பதிப்பில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் ஒருவன் தந்திரமாக ஒரு வரியை அனுப்பினால் போதும், உள்ளே புகுந்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று. எதை வேண்டுமானாலும் என்றால், லேபில் அது யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவாக இருக்கலாம். கெட்ட பதிப்பின் ஹேஷ் எது என்பதையும் வெளியிட்டிருந்தார்கள்.

அந்த லைப்ரரி அக்காவிடம் இருந்தது. அதுதான் "இதுதான் கடைசி". கைபட்டவற்றில் ஒன்று.

லேப்கள் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தன: எங்களிடம் இருக்கிறதா, இல்லையா? அக்காவின் மேலாளரை அலுவலகத்தில் எல்லோரும் சுருக்கம் என்பார்கள். யார் எதைச் சொல்ல வந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பவர். அக்கா தன் நிரல் அனுப்பியதைப் பார்த்தார். இருபத்திரண்டு இடத்திலும் "இதுதான் கடைசி"க்கு ஒரே ஹேஷ். கெட்ட பதிப்பின் ஹேஷ் அது அல்ல. ஆனால் பொதுப் பட்டியலிலும் அது இல்லை. ஆகவே அவர் எழுதியது: "அறிவிக்கப்பட்ட ஹேஷ் எந்த லேபிலும் இல்லை. எங்கள் கோப்பு பொதுப் பட்டியலில் இல்லாத ஒன்று. உள்ளே பிரித்துப் பார்த்து உறுதி செய்ய இரண்டு நாள் வேண்டும்."

சுருக்கம் அதைச் சுருக்கினார். "உங்கள் லேபில் அந்தக் கோப்பு இல்லை."

"சார், நான் அப்படிச் சொல்லலையே."

"ஹேஷ் வேறதானே?"

"வேறதான்."

"அப்போ இல்லைதானே? இல்லைங்கறதை இல்லைன்னு எழுதாம எப்படி எழுதுறது?"

அக்கா தலையை ஆட்டிவிட்டார். கடிதத்தின் கீழே அவர் பெயரைப் போட்டு இருபத்திரண்டு லேப்களுக்கும் அனுப்பினார்கள். எல்லா லேபிலிருந்தும் நன்றி வந்தது. ஒருவர் இரண்டு கை கூப்பும் படம் அனுப்பியிருந்தார்.

மறுநாள் விடுமுறை. துணி எடுக்க மாடிக்குப் போனபோது அக்கா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருந்தார். பக்கத்தில் டீ ஏடு கட்டி ஆறிக் கிடந்தது.

"ஏய், இங்க வா. நீ கணக்குப் படிச்சவதானே?"

"பொருளாதாரம்கா."

"ஏதோ ஒண்ணு. இதைக் கேளு. ரெண்டு லேப்ல புது மெஷின் வாங்கினாங்க. அங்க அந்த ஃபைலை எடுத்துட்டு நானே புது பதிப்பு போட்டேன். என் கையால போட்டேன். புண்ணியவான் வச்ச பேரை மாத்தினா வேற எதுவோ ஓடாதுன்னு பேரை மட்டும் அப்படியே விட்டேன். அப்போ அந்த ரெண்டு இடத்திலயாவது வேற ஹேஷ் வரணுமா இல்லையா?"

"வரணும்."

"வரலை. எல்லா இடத்திலும் ஒண்ணு."

எனக்கு அதில் என்ன விபரீதம் என்று உடனே படவில்லை. எல்லாம் ஒன்றாக இருந்தால் நல்லதுதானே என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் துணியை மடிக்கப் போய்விட்டேன்.

அவர் லேப் ஒன்றிலிருந்து அந்தக் கோப்பைத் தன் மடிக்கணினிக்கு நகல் எடுத்தார். நீளப் பெயரை அடிக்கச் சோம்பல்பட்டு அதற்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைத்தார். நிரல் இல்லாமல் கையாலேயே ஹேஷ் எடுத்தார். நிரல் சொன்னது ஒன்று, இது வேறு ஒன்று. நகல் வரும் வழியில் கெட்டுவிட்டது போல என்று மறுபடி எடுத்தார். கையால் எடுத்தால் முன்பு வந்ததே வந்தது. மூன்றாம் முறையும் அதே.

"கெட்டுப்போறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கெட்டுப்போகணும். ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"ஒரே ஃபைலுக்கு ரெண்டு ஹேஷ் வரவே வராதுன்னு நீதானே சொல்லுவே," என்றார் அவர் கணவர், உதவி செய்யும் எண்ணத்தில்.

"ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?"

அவர் போனார். பால்கனிக் கதவையும் சாத்திக்கொண்டார்.

கையால் எடுத்த ஹேஷை அக்கா எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அது அறிவிப்பில் இருந்த கெட்ட பதிப்பின் ஹேஷ். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. நிரலா, நகலா? நிரலை நம்பித்தான் இருபத்திரண்டு லேப்களுக்கு அவர் பெயரில் "இல்லை" போயிருக்கிறது. நிரல் சரி என்றால் நகல் எடுத்ததில் எங்கோ கோளாறு, எதுவும் செய்ய வேண்டாம். நகல் சரி என்றால் அந்த "இல்லை" பொய். அன்று அவர் சாப்பிடவில்லை. கீழே வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

மறுநாள் காலை அந்த லேபுக்குத் தன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொன்னார். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கூட்டிப்போனேன். கீழே மருந்துக்கடையும் மேலே லேபும் இருக்கும் ஒரு கட்டடம். வரவேற்பில் ஆறேழு பேர் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுக்கும் பெண்தான் அந்த லேபில் எல்லாம். அவளே ரிப்போர்ட்டும் அடிப்பாள். எங்களை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கணினியின் மேல் பஞ்சுச் சுருளும், ஒட்டும் துணியும், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் இருந்தன. யாரோ விட்டுப் போனது என்றாள்.

அக்கா உட்கார்ந்தார். கோப்பை இடத்தைவிட்டு அசைக்காமல் கையால் ஹேஷ் எடுத்தார். கெட்டது. அங்கேயே நிரலை ஓடவிட்டார். நல்லது என்று சொல்ல முடியாத, ஆனால் கெட்டதும் அல்லாத, அந்த எங்கும் வரும் ஹேஷ். நகலே இல்லை, பயணமே இல்லை. ஒரே கோப்பு, ஒரே நாற்காலி, இரண்டு விடை.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

"இல்லக்கா."

"அப்போ இதுக்குப் பிடிச்சிருக்கு."

பிறகு ஒன்று செய்தார். தராசு சரியா என்று பார்க்க, எதையும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள் அல்லவா, அது போல. வேறொரு இடத்தில் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு காலிக் கோப்பை உண்டாக்கினார். அதற்கும் "இதுதான் கடைசி" என்றே பெயர் வைத்தார். காலிக் கோப்பின் ஹேஷ் என்ன என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணில் நிற்குமாம். அதுவும் உலகம் முழுக்க ஒன்றே. நிரலை அதன்மேல் ஓடவிட்டார்.

வந்தது காலிக் கோப்பின் ஹேஷ் இல்லை. அந்த எங்கும் வரும் ஹேஷ்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லடி இதுல," என்றார் அக்கா. குரல் கீழே போய்விட்டது. "ஒண்ணுமே இல்லாததுக்கும் அதே வருது. அப்போ இது உள்ள பார்க்கவே இல்ல."

நிரலைத் திறந்தார். புலம்பலை நிறுத்த அவர் சேர்த்த அந்த ஒரு வரி. இடைவெளி உள்ள பெயரைச் சேர்த்துப் பிடித்துக் கோப்பைத் திறப்பதற்குப் பதிலாக, அந்தப் பெயரின் எழுத்துக்களையே எடுத்து ஹேஷ் கணக்கில் போட்டிருந்தது அது. "இதுதான் கடைசி" என்ற சொற்களின் ஹேஷ். பெயர் எல்லா லேபிலும் ஒன்று, ஆகவே ஹேஷும் ஒன்று. சொற்களை யாரும் லைப்ரரியாக வெளியிட்டதில்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை. இடைவெளி இல்லாத பெயருள்ள "புதுசு" போன்றவற்றுக்கெல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்ததால் சந்தேகம் வரவில்லை. வராதவற்றைப் புண்ணியவான் கைபட்டது என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ரத்தம் எடுக்கும் பெண் கதவருகே வந்தாள். "மெஷின்ல ஏதாவது கோளாறாக்கா? ஆளுங்க காத்திருக்காங்க. மெயில்ல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருந்தீங்களே."

"ஒரு நிமிஷம் இரும்மா."

அக்கா வெளிப்படிக்கட்டுக்குப் போய்ச் சுருக்கத்தைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். சுருக்கம் பேசுவது எனக்கும் கேட்டது. முழுதும் கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"நல்ல பதிப்பு கையில இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ இன்னைக்கே எல்லா லேப்லயும் மாத்திடுங்க. இங்க இருந்தே மாத்தலாம்தானே? யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பார்த்தா மெயில்ல போட்டது உண்மையாயிடும். இல்லைன்னோம், இல்லை."

"நேத்து இருந்துச்சே சார்."

"இதோ பாருங்க. நேத்து இல்லைன்னோம். இன்னைக்கு இருக்குங்கறோம். நாளைக்கு நாம எதைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். லேபை எல்லாம் நிறுத்துவான். காத்திருக்கிற நோயாளி என்ன பண்ணுவான்? நான் கம்பெனிக்காக மட்டும் சொல்லலை."

"தெரியுது சார். எனக்கும் அதான் குழப்பமா இருக்கு."

"உங்க பேர்தான் கீழே இருக்கு. உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

அக்கா கைபேசியை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கேக்கா, மாத்திட்டா சரியாயிடுமே என்றேன். எனக்கு அப்போது அது முழு நியாயமாகவே பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் பாதி நியாயம் என்றுதான் படுகிறது.

"ஓட்டை அடைஞ்சிடும்," என்றார் அக்கா. "ஆனா அதுக்கு முன்னாடியே யாராவது உள்ள வந்துட்டுப் போயிருந்தா? நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணும் இல்லைன்னு சொன்ன வீட்ல யாரு போய் பீரோவைத் திறந்து பார்ப்பா?"

"வந்திருப்பாங்களா?"

"தெரியாதே. அதான் சொல்றேன், தெரியாதே!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். மருந்துக்கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். நான் சாவியை எடுத்தேன். "வேண்டாம், இரு," என்றார். எழுந்து இரண்டு படி கீழே போனார், நின்றார், மறுபடி மேலே வந்தார். அப்படி எத்தனை தடவை என்று தெரியவில்லை. ஒரு தடவை மேலே வந்தவர் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

"நான் அனுப்பின மெயில் தப்பு," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "அந்த ஃபைல் இங்க இருக்கு. மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கிற வயரைப் பிடுங்கிடும்மா. வெளி லைனையும் பிடுங்கிடு. ரிப்போர்ட்டைக் கையால எழுதிக் குடு."

"கையாலயா? என் கையெழுத்தை எனக்கே படிக்க வராதுக்கா."

"பெருசா எழுதும்மா."

பிறகு அங்கிருந்தே ஒவ்வொரு லேபாகக் கூப்பிட்டார். சுருக்கம் நடுவில் மூன்று நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. சில லேபில் திட்டினார்கள். ஒருவர், இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நேரமா என்றார். ஒருவர், நல்லவேளை சொன்னீங்க என்றார். இன்னொருவர் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்; பிறகு அந்த லேப் கம்பெனியை விட்டே போனது. அக்கா கோப்புகளைக் கையாலேயே ஹேஷ் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அன்று ஆரம்பித்தது மறுநாளும் நடந்தது. புது மெஷின் வாங்கிய இரண்டு லேபிலும் நல்ல பதிப்பு. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டது. யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை என்று ஒவ்வொரு லேபாகத் தெரிய வந்தபோது, சுருக்கம்கூட அக்காவின் மேசைக்கு வந்து நின்றுவிட்டுப் போனாராம்.

ஒரே ஒரு லேப் மிச்சம். ஊரின் அந்தக் கோடியில் இருப்பது. அங்கே இருந்த "இதுதான் கடைசி"யின் ஹேஷ் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை, பட்டியலில் எதுவும் இல்லை. இந்தத் தடவை அது நிஜமாகவே கோப்பின் ஹேஷ்தான். காலிக் கோப்பை வைத்து, பெயரை மாற்றி, எல்லா விதத்திலும் பார்த்தார். புண்ணியவான் அங்கே மட்டும் பிரித்துக் கட்டியிருக்கலாம். அல்லது வேறு யாரோ கட்டியிருக்கலாம். உள்ளே இருந்த பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பெரும்பாலும் மற்ற லேப்களில் இருந்தது போலவே இருந்தன, ஒன்றிரண்டு மட்டும் வேறாக இருந்தன. அந்த ஒன்றிரண்டு என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்," என்றார் சுருக்கம்.

"ரெண்டும் இல்ல சார்."

"அப்படி ஒண்ணு கிடையாதுங்க."

"இருக்கே சார்."

புண்ணியவானைத் தேடிக் கேட்கலாம் என்று அக்கா கிளம்பினார். பழைய ஆட்களை விசாரித்து ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணில் ஒரு மரக்கடை எடுத்தது. பிறகு யாரும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கோப்பின் நகல் அக்காவின் மடிக்கணினியில் கடைசிவரை இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் எப்போதாவது திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடித்திருந்தால் கீழே வந்து சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த மடிக்கணினியை என்ன செய்வது என்று அவர் கணவர் என்னைக் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. சும்மா ஒன்றைத் திறந்து பார்த்தாலே மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. படிப்பதால் மாறாது, கட்டினால்தான் மாறும் என்று அக்கா சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் திறக்கவில்லை.

அந்தக் கடைசி லேபுக்கு அவர் எழுதிய கடிதத்தைச் சுருக்கம் இந்த முறை தொடவில்லை. "உங்கள் லேபில் உள்ள கோப்பு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அது கெட்டது என்றும் சொல்ல முடியாது, பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. தெரியும்வரை கணினியை நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் நான் 'இல்லை' என்று அனுப்பியது தவறு." கீழே அவர் பெயர்.

லேப் முதலாளி எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கூப்பிட்டார். அக்காவின் கையில் சோறு. கைபேசியை மேசைமேல் வைத்து, ஒலியைத் திறந்துவிட்டார். வயதானவர் குரல்.

"தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? உங்களுக்கே தெரியலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான் சார்."

"நீங்கதானேம்மா அதைப் பார்க்கிற ஆள்?"

"ஆமா சார். நான்தான் பார்க்கிறேன். பார்த்தேன். தெரியலை."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "போன வாரம் நீங்க இல்லைன்னு எழுதினீங்க பாருங்க. அன்னைக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

"எனக்கும்தான் சார்," என்றார் அக்கா.

என் கணவர் பாதி மென்றதை விழுங்காமல் வைத்திருந்தார். லேப் முதலாளி இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சரி," என்றது குரல். "இப்போ என்ன பண்ணணும்? ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன். நான் மெதுவாத்தான் எழுதுவேன்."

அக்கா கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை. காய்ந்த கையோடு கைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.